முகம் இல்லாத பாண்ட்: ‘கேசினோ ராயல்’ (1967) உருவான கதையும் உடைந்த இடமும்

படம் பாதியைத் தாண்டியதும் ஒரு வெட்டு வருகிறது. பாண்ட் என்ற பெயரில் சூதாட்ட மேசையில் ஜெயித்துவிட்டு வெளியே வரும் ஈவ்லின் டிரெம்பிள் (பீட்டர் செல்லர்ஸ்), கூட இருந்த வெஸ்பரை (உர்சுலா ஆண்ட்ரெஸ்) யாரோ கடத்திக்கொண்டு போவதைப் பார்க்கிறார். துரத்துவதற்காக ஒரு பந்தயக் காரில் பாய்ந்து ஏறுகிறார். அடுத்த காட்சியில் எதிரியின் கைதியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். துரத்தலைக் காணோம், பிடிபட்டதையும் காணோம்.

“தம்பி, ரீல் ஏதும் விட்டுப்போச்சா?” என்று கேட்டார் எங்கள் கூட்டத்தின் மூத்த அண்ணன்.

ரீல் விடவில்லை அண்ணே, நடிகர்தான் விட்டுப் போய்விட்டார் என்று சொன்னதும் சிரிப்பு. பிறகு இரண்டு மணி நேரம் அந்த வெட்டைப் பற்றியேதான் பேச்சு.

நாங்கள் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மாதம் ஒருமுறை கூடிப் பழைய படம் பார்க்கிறவர்கள். மேடை நாடகம் போடுகிறவர்கள், குறும்படம் எடுத்துப் பார்த்தவர்கள், தொலைக்காட்சித் தொடர்களுக்குப் படத்தொகுப்பு செய்யும் ஒரு தங்கச்சி, கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற அந்த அண்ணன். ரசிப்பது ஒரு பக்கம். எப்படி எடுத்தார்கள், காசு எங்கே போனது, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று தோண்டுவது இன்னொரு பக்கம். அன்று பேசியதையும் நான் படித்துச் சேர்த்ததையும் வைத்து இந்த ஆய்வை எழுதுகிறேன். 2006-இல் டேனியல் கிரெய்க் நடித்த படத்தை நினைத்துக்கொண்டு வந்தவர்கள் மன்னிக்கவும். இது அதே நாவலின் பெயரில் 1967-இல் வந்த கேலிக்கூத்து.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் முதலில் சொல்வது ‘ஐந்து இயக்குநர்கள்’. ஜான் ஹியூஸ்டன், கென் ஹியூஸ், வேல் கெஸ்ட், ராபர்ட் பாரிஷ், ஜோ மெக்ராத். ஆளுக்கு ஆள் இழுத்ததால் படம் கெட்டது என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது பின்னால் வந்த விளைவாகவே தெரிகிறது. தயாரிப்பாளர் சார்ல்ஸ் கே. ஃபெல்ட்மனிடம் தலைப்பு இருந்தது. அந்தத் தலைப்பைக் கேட்டதும் மக்கள் மனதில் வருகிற முகம் அவரிடம் இல்லை. அந்தக் குறையை மறைக்க அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் அடுத்த ஓட்டையைப் போட்டது. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

உரிமை கைமாறிய வழி

இயன் ஃபிளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் ‘கேசினோ ராயல்’, 1953-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி அதை ஒரு மணி நேர நாடகமாக்கியது. அதில் பாண்ட் ஓர் அமெரிக்கர், பெயர் ஜிம்மி. நடித்தவர் பாரி நெல்சன். பாண்ட் அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாத ஆசாமி, அதனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. 1955-இல் கிரெகரி ராட்டாஃப் என்ற நடிகர்-இயக்குநர் திரைப்பட உரிமையை 6,000 டாலருக்கு வாங்கினார். வாங்கியவர் படம் எடுக்காமலே 1960-இல் இறந்துபோனார். அவருடைய மனைவியிடமிருந்து உரிமை ஃபெல்ட்மனுக்கு வந்தது.

இதற்குள் ஆல்பர்ட் பிராக்கோலியும் ஹாரி சால்ட்ஸ்மனும் ஃபிளெமிங்கின் மற்ற நாவல்களுக்கு வழி செய்துகொண்டார்கள். 1962-இல் ‘டாக்டர் நோ’ வந்தது, ஷான் கானரி வந்தார். 1964-இல் ‘கோல்ட்ஃபிங்கர்’ வந்தபிறகு பாண்ட் என்றாலே கானரி என்று ஆகிவிட்டது. அப்போதுதான் ஃபெல்ட்மன் கையில் இருந்த காகிதத்தின் மதிப்பும் ஏறியது, அதன் சிக்கலும் ஏறியது. பிராக்கோலி ஒரு காலத்தில் ஃபெல்ட்மனின் முகவர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பழைய முதலாளியும் பழைய ஊழியரும் சேர்ந்து எடுக்கலாமா என்று பேசினார்கள். பங்கு ஒத்துவரவில்லை.

அடுத்து கானரியையே கேட்டுப் பார்த்தார் ஃபெல்ட்மன். கானரி சொன்ன சம்பளம் 1 மில்லியன் டாலர் என்பார்கள். ஃபெல்ட்மன் மறுத்தார். படம் முடிந்த பிறகு ஒரு விருந்தில் கானரியைச் சந்தித்தபோது, அந்த 1 மில்லியன் மலிவாகத்தான் இருந்திருக்கும் என்ற பொருளில் அவர் புலம்பியதாக ஒரு கதை உலவுகிறது. கதை நடந்ததோ இல்லையோ, கணக்கு சரிதான். 6 மில்லியன் டாலரில் முடிக்க நினைத்த படம் 12 மில்லியனில் போய் நின்றது.

முகவர் புத்தி

ஃபெல்ட்மனைக் குறைத்து எடைபோடக் கூடாது. ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ (1951), ‘த செவன் இயர் இட்ச்’ (1955) எல்லாம் அவர் தயாரிப்புதான். ஆனால் அடிப்படையில் அவர் நடிகர்களின் முகவர். ஒரு கதை, ஓர் எழுத்தாளர், ஓர் இயக்குநர், இரண்டு நட்சத்திரங்கள் என்று மொத்தமாகக் கட்டி ஸ்டுடியோவிடம் விற்கிற முறையை ஹாலிவுட்டில் வளர்த்தவர்களில் முக்கியமானவர். எந்தப் பிரச்சினை வந்தாலும் அவருக்குத் தோன்றுகிற மருந்து ஒன்றுதான்: இன்னொரு பெரிய பெயரைக் கூட்டு.

அந்த மருந்து ஒருமுறை வேலையும் செய்திருந்தது. 1965-இல் அவர் தயாரித்த ‘வாட்ஸ் நியூ புஸ்ஸிகேட்?’ நன்றாக ஓடியது. பீட்டர் செல்லர்ஸ், பீட்டர் ஓடூல், உர்சுலா ஆண்ட்ரெஸ், எழுத்தும் நடிப்புமாக வூடி ஆலன், இசைக்கு பர்ட் பக்கராக். ‘கேசினோ ராயல்’ பட்டியலைப் பாருங்கள்: அதே செல்லர்ஸ், அதே ஆண்ட்ரெஸ், அதே ஆலன், அதே பக்கராக். ஓடூல் கூட ஒரு நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போகிறார். போன முறை ஜெயித்த ஆட்களையே திரும்பக் கூட்டிவந்தால் போன முறை ஜெயித்த படமே திரும்ப வரும் என்ற நம்பிக்கை. இங்கே மேடை நாடகம் போடுகிறவர்களுக்கும் இந்த நம்பிக்கை புதிதில்லை, நான் யாரையும் குறிப்பிடவில்லை.

திரைக்கதையிலும் அதே மருந்துதான். முதலில் பென் ஹெக்ட் பல வரைவுகள் எழுதினார். அவர் 1964-இல் இறந்துவிட்டார். அதற்கப்புறம் கை வைத்தவர்களில் பில்லி வைல்டர், ஜோசப் ஹெல்லர், டெர்ரி சதர்ன் எல்லாம் உண்டு. திரையில் பெயர் வந்தது வுல்ஃப் மான்கோவிட்ஸ், ஜான் லா, மைக்கேல் சேயர்ஸ் மூவருக்கு மட்டும். செல்லர்ஸும் ஆலனும் தங்கள் வசனங்களைத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள்.

கானரி இல்லாமல் நேரான பாண்ட் படம் எடுத்தால் ஒப்பிட்டே கிழித்துவிடுவார்கள். கேலியாக எடுத்துவிட்டால் ஒப்பிட முடியாது. இந்த யோசனை மோசமில்லை என்பேன். கேலியில் இருந்து ஒரு நல்ல கருவும் பிறந்தது. ஓய்வுபெற்ற உண்மையான பாண்ட், சர் ஜேம்ஸ் (டேவிட் நிவென்), தன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கும் இளம் உளவாளியைப் பற்றி எரிச்சலோடு இருக்கிறார். மீண்டும் பொறுப்புக்கு வந்ததும் ஓர் ஆணை போடுகிறார்: இனி நம் உளவாளிகள் அத்தனை பேரும் ஜேம்ஸ் பாண்ட் 007. எதிரி குழம்பட்டும்.

கதைக்குள் இது தந்திரம். தயாரிப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், இது அனுமதிச் சீட்டு. எவர் கிடைத்தாலும் அவரைப் பாண்டாக்கலாம், எவர் போனாலும் இன்னொரு பாண்ட் இருப்பார். முகம் இல்லாத குறையை இவ்வளவு சாமர்த்தியமாக நகைச்சுவையாக்கிய வேறு படம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. விளம்பரத்திலும் அதையே பெருமையாக்கினார்கள். ஒரே ஒரு ஜேம்ஸ் பாண்டால் தாங்க முடியாத அளவுக்குப் பெரிய படம் என்றது சுவரொட்டி. நிவென் தேர்வும் பொருத்தமே. பாண்டாக நடிக்க ஃபிளெமிங் மனதில் வைத்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

மேசையின் இரண்டு பக்கம்

படப்பிடிப்பு 1966 ஜனவரியில் தொடங்கியது. இங்கிலாந்தின் மூன்று ஸ்டுடியோக்களில் தளங்கள்: பைன்வுட், ஷெப்பர்ட்டன், எம்ஜிஎம்மின் போர்ஹாம்வுட். துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார்கள். நிவெனின் மாளிகையும் ஸ்காட்லாந்துக் கோட்டையும் ஹியூஸ்டன் பங்கு. அவரே உளவுத்துறைத் தலைவர் எம் வேடத்தில் நடித்து, சீக்கிரமே குண்டில் செத்தும் போகிறார். பெர்லின் பகுதி கென் ஹியூஸுக்கு. சூதாட்ட மேசை ஜோ மெக்ராத்துக்கு.

மெக்ராத் தொலைக்காட்சியில் இருந்து வந்தவர், செல்லர்ஸின் நண்பர், செல்லர்ஸ் விரும்பியே வந்தவர். எதிரி லெ ஷிஃப்ராக ஆர்சன் வெல்ஸ். நாவலின் உயிர்நாடியே இந்த மேசைதான்: இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பக்காரா என்ற சீட்டாட்டம் ஆடுகிறார்கள். ஆனால் செல்லர்ஸ் வெல்ஸோடு ஒரே தளத்தில் நிற்க மறுத்தார். இளவரசி மார்கரெட் தளத்துக்கு வந்தபோது, தனக்கு நெருக்கமானவர் என்று செல்லர்ஸ் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்க, அவர் செல்லர்ஸைத் தாண்டிப் போய் வெல்ஸிடம் நலம் விசாரித்தார் என்றொரு கதை அடிக்கடி சொல்லப்படும். காரணம் எதுவானாலும் விளைவு திரையில் இருக்கிறது. பெரும்பாலான நேரம் இவர் முகம் ஒரு சட்டகத்தில், அவர் முகம் வேறொரு சட்டகத்தில். வெவ்வேறு நாளில் எடுத்தவை.

எங்கள் படத்தொகுப்புத் தங்கச்சி இந்தக் காட்சியை நான்கைந்து முறை ஓட்டிப் பார்த்தாள். “அண்ணா, இதை ஒட்டினவருக்குத்தான் விருது கொடுக்கணும். யார் யாரைப் பார்க்கிறாங்கங்கிற பார்வைக் கோடு எங்கேயும் இடிக்கல” என்றாள். வெல்ஸ் சும்மா இருக்கவில்லை. தனக்குப் பிடித்த மாயாஜால வித்தைகளை மேசையிலேயே செய்து காட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்துச் செய்தார். கதைக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் என் கண் அவரை விட்டு நகரவில்லை.

செல்லர்ஸுக்கும் மெக்ராத்துக்கும் முட்டிக்கொண்டது, கைகலப்பு வரை போனது என்கிறார்கள். மெக்ராத் போனார். மேசையை முடிக்க ராபர்ட் பாரிஷ் வந்தார். கொஞ்ச நாளில், தன் காட்சிகள் எல்லாம் எடுத்து முடியுமுன்பே, செல்லர்ஸும் போனார். பந்தயக் காரில் ஏறியவர் நாற்காலியில் முளைத்தது அதனால்தான். அப்புறம் டிரெம்பிளை வெஸ்பர் கையாலேயே கொன்று கணக்கை முடிக்கிறார்கள். காப்பாற்ற வந்தவளே ஏன் சுடுகிறாள் என்று கேட்டால் படத்தில் இருந்து எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. ஆளைப் படத்தில் இருந்து அகற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எங்கள் நாடகக்கார நண்பர் தன் குறும்படக் கதையைச் சொன்னார். கதாநாயகனுக்குப் பாதியில் ரிசர்விஸ்ட், அதாவது தேசிய சேவை முடித்தவர்களுக்கான ராணுவப் பயிற்சி அழைப்பு, வந்துவிட்டது. நோட்டீஸ் முன்பே வந்திருக்கிறது, யாரும் அவரிடம் கேட்கவில்லை. மீதிக் காட்சிகளில் அந்தப் பாத்திரம் தொலைபேசியில் குரலாக மட்டும் வருகிறது. பார்த்தவர்கள் ‘நல்ல உத்தி’ என்று பாராட்டினார்களாம். அவருடைய படத்தில் ஒரே ஓட்டை, அதை ஒரே குரலால் அடைத்துவிட முடிந்தது. ஃபெல்ட்மனுக்கு அந்த வசதி இல்லை. ஒரு பெரிய பெயர் போட்ட ஓட்டையை அடைக்க இன்னும் நான்கு பெரிய பெயர்கள் வந்தன. அவர்களுக்கு ஆளுக்கொரு காட்சி வேண்டும், அந்தக் காட்சிகளை இணைக்க இன்னும் காட்சிகள் வேண்டும்.

இணைப்பு வேலை

அந்த வேலை வேல் கெஸ்ட் தலையில் விழுந்தது. வூடி ஆலனின் பகுதிகள் அவர் பொறுப்பு. அத்தோடு நிவெனையும் ஆண்ட்ரெஸையும் இழையாக வைத்து மொத்தத் துண்டுகளையும் தைக்கச் சொன்னார்கள். சர் ஜேம்ஸின் கதை இவ்வளவு நீண்டிருப்பது இதனால்தான். மற்றவர்களுக்கு மேலாக ‘ஒருங்கிணைப்பு இயக்குநர்’ என்று பெயர் போடுகிறோம் என்றார்களாம். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஒருங்கிணைத்தது நான் என்று நம்புவார்களா என்ற தோரணையில் கெஸ்ட் வேண்டாம் என்றுவிட்டார். கூடுதல் காட்சிகளுக்கான பெயர் மட்டும் வந்தது. இந்த முழுக் கதையிலும் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே ஆள் என்று அவருக்கு எங்கள் கூட்டத்தில் ஏகமனதாக ஓட்டு விழுந்தது.

கடைசிச் சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கௌபாய்கள், பாராசூட்டில் இறங்கும் செவ்விந்தியர்கள், கடல்நாய்கள், ஒரு சிம்பன்சி, ஜார்ஜ் ராஃப்ட், ஜான் பால் பெல்மாண்டோ. பிறகு எல்லாம் வெடிக்கிறது. உலகத்தில் பெண்கள் எல்லாரும் அழகாகவும், நாலரை அடிக்கு மேல் உயரமான ஆண்கள் ஒருவரும் இல்லாமலும் செய்யத் திட்டம் போட்ட வில்லன், சர் ஜேம்ஸின் அண்ணன் மகன் ஜிம்மி பாண்ட் (ஆலன்), அணுகுண்டு மாத்திரையை ஏமாந்து விழுங்கிவிட்டு விக்கலெடுத்துக்கொண்டே வெடிக்கிறார். முடிவு தெரியாத கதையை முடிக்க எல்லாரையும் கொன்றுவிடுவது ஒரு வழிதான். தெருக்கூத்தில்கூட இதைவிடக் கொஞ்சம் காரணம் வைப்பார்கள் என்றார் அண்ணன்.

அதே வருடம், ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில்

எங்கள் பேச்சு இங்கே சற்றுத் திசை திரும்பியது, திரும்பியதே நல்லதாயிற்று. 1967-இல் சிங்கப்பூரிலும் ஒரு பாண்ட் கேலிப்படம் வந்தது: ‘மாட் பாண்ட்’. ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் இருந்த கேத்தே-கெரிஸ் ஸ்டுடியோவின் மலாய்ப் படம். நகைச்சுவை நடிகர் மாட் செந்தோல் நடித்து, எம். அமீனோடு சேர்ந்து இயக்கியது. கேமரா வித்தைகளில் பித்துப் பிடித்தவர் மாட் செந்தோல். அதற்கு முந்தைய ஆண்டே போட்டி ஸ்டுடியோவான ஷாவின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ், ஜின்ஸ் ஷம்சுதீனை உளவாளியாக்கி ‘கெராக் கிலாட்’ எடுத்திருந்தது. ஜாலான் அம்பாஸில் இருந்த அந்த ஸ்டுடியோ 1967-இல் மூடப்பட்டது. கேத்தே-கெரிஸ் எழுபதுகளின் தொடக்கம் வரை தாங்கியது. அதன் மலாய்ப் படங்களின் தொகுப்பை ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாக்கிறது. 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவகப் பதிவேட்டிலும் அது ஏறியது.

மாட் செந்தோலிடம் உரிமை ஒன்றும் இல்லை. ஃபிளெமிங்குக்கு ஆறு வெள்ளிகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் முகம் இருந்தது. ‘மாட் தீகா சுக்கு’ (1964) பார்த்து வந்த கூட்டத்துக்கு, மாட் என்ன வேடம் போட்டாலும் அவர் மாட்தான். நடிகரே இயக்குநர் என்பதால் பாதியில் கோபித்துக்கொண்டு போகவும் ஆள் இல்லை. தமிழிலும் அதுதானே நடந்தது? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘வல்லவன் ஒருவன்’ (1966) போன்ற படங்களில் ஜெய்சங்கரை வைத்து ஒரு முகத்தை உருவாக்கியது, ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்ற பட்டம் தானாக ஒட்டிக்கொண்டது. லண்டனில் தலைப்பை வைத்துக்கொண்டு முகம் தேடினார்கள். இங்கேயும் சேலத்திலும் முகம் முதலில் வந்தது, தலைப்பு இரவலாக வந்தது. செலவை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்படியானால் தோல்வியா?

இல்லை. இதுதான் ஆய்வில் சிக்கலான பகுதி. 1967 ஏப்ரலில் வெளிவந்த படம், உலக அளவில் 40 மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. ஜூன் மாதம் கானரியின் ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ வருமுன் தலைப்பின் மவுசைப் பயன்படுத்திக்கொண்டது. விமர்சகர்கள் திட்டினார்கள், மக்கள் போனார்கள். தங்கச்சி கேட்டாள்: “அப்போ ஃபெல்ட்மன் செஞ்சது சரிதானே? காசு வந்துச்சே?” நாடகக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பாதிச் செலவில் இதே வசூல் வந்திருக்கும், தலைப்பு சும்மாவே இழுத்திருக்கும் என்பது அவர் வாதம். நான் நாடகக்காரர் பக்கம். கூட்டம் வந்தது பாண்ட் என்ற பெயருக்கும் சுவரொட்டிக்கும்தான்; பெல்மாண்டோ கடைசி ஐந்து நிமிடம் வருகிறார் என்று யாரும் சீட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். ஃபெல்ட்மன் அடுத்த ஆண்டே, 1968-இல், இறந்துபோனார். இதற்குப் பிறகு அவர் படம் தயாரிக்கவில்லை.

இசையைப் பற்றிச் சண்டையே வரவில்லை. பக்கராக் முழுப் படத்தையும் ஒரே மனநிலையில் பிடித்து வைத்திருக்கிறார், ஐந்து இயக்குநர்களாலும் முடியாததை. தலைப்பு இசையில் ஹெர்ப் ஆல்பர்ட்டின் எக்காளம். டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடிய ‘த லுக் ஆஃப் லவ்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போய், ‘டாக்டர் டூலிட்டில்’ படப் பாட்டிடம் தோற்றது. ஒலிப்பதிவின் தரத்துக்காகவே அந்த இசைத்தட்டைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபியில் ஹை-ஃபை கடைகளைச் சுற்றுகிற நம்மவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். படத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள், தட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள்.

உரிமையின் பயணம் அதற்குப் பிறகும் நீண்டது. படத்தை வெளியிட்ட கொலம்பியா பின்னால் சோனியின் கைக்குப் போனது. 1999-இல் சோனிக்கும், பிராக்கோலி குடும்பத்தின் பாண்ட் படங்களை வெளியிட்டுவந்த எம்ஜிஎம்முக்கும் இடையில் ஏற்பட்ட சமரசத்தில் ‘கேசினோ ராயல்’ உரிமை எம்ஜிஎம் பக்கம் வந்தது. அப்படித்தான் 2006-இல் பிராக்கோலி குடும்பத்தால் அதை நேரான பாண்ட் படமாக எடுக்க முடிந்தது.

1967 படம் 131 நிமிடம். முழுசாகப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலில் சர் ஜேம்ஸை அழைத்துப் போக நான்கு நாட்டு உளவுத்துறைத் தலைவர்கள் காரில் வருகிற தொடக்கம். அப்புறம் பக்காரா மேசை, வெல்ஸின் வித்தைகள் உட்பட; யார் யாரோடு ஒரே சட்டகத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே பாருங்கள். மூன்றாவது, கென் ஹியூஸின் பெர்லின் பகுதி. பழைய ஜெர்மன் மௌனப் படங்களின் கோணல் சுவர்கள், கோணல் படிக்கட்டுகள். பாண்டின் மகள் மாட்டாவாக ஜோவானா பெட்டட். எங்கள் கூட்டத்தில் அண்ணன் மட்டும் இதைத் திரும்பப் போடச் சொன்னார், கடல்நாய்களையும் சேர்த்து.